போனிலேயே பரிசோதனை இசை: தவிலுக்கும் தவளைக்கும் எந்த ஆப்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் கோலா சாம்ப்ளர், சன்வாக்ஸ் என்ற இரண்டு இசை ஆப்களையும் காசு கொடுத்து வாங்குங்கள். வாசலில் போட்ட கோலத்தைச் சத்தமாகக் கேட்டுப் பார்க்க ஆசை இருந்தால் மூன்றாவதாக விர்ச்சுவல் ஏ.என்.எஸ். வீட்டில் ஏற்கெனவே ஐபேட் இருந்தால் டிராம்போவும் நல்லது. இந்த வேலைக்காகவே ஒரு ஐபேட் வாங்க வேண்டியதில்லை.

ஏன் இந்த இரண்டு? போனில் இசை செய்ய வரும் ஆப்களில் பெரும்பாலானவை திறந்தவுடனே நாலு நாலாகக் கட்டம் போட்டுத் தருகின்றன. ஸ்வரம் என்றால் கீபோர்டின் பன்னிரண்டு கட்டை. அந்தச் சட்டத்துக்குள் ஓடும் பாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், மாயவரம் பக்கம் வளர்ந்த காதுக்குத் தாளம் ஐந்திலும் ஏழிலும் ஓடும், ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது. பரிசோதனை இசை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் காதையே வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டுமா? எனவே இங்கே ஒரு ஆப்பை நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன். ஐந்து, ஏழு என்று எந்த எண்ணிக்கையையும் ஏற்கிறதா? ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக விடுகிறதா? நெட் இல்லாமல் வயல் வரப்பில் வேலை செய்கிறதா? நடுத்தர விலை போனில் திணறாமல் ஓடுகிறதா?

ஆப்புக்கு முன்னால் மைக்

டெல்டாவின் பெரிய சொத்து இங்கே கிடைக்கும் சத்தம்தான். ஐப்பசி மழை விட்ட இரவில் வயலில் தவளைக் கூட்டம், ஓடிக்கொண்டே இருக்கும் பம்ப்செட், மதகில் விழும் தண்ணீர், திருபுவனம் பட்டுத்தறியில் நாடா போய் வரும் ஒழுங்கு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கைத் தட்டினால் எழும் நீண்ட ரீங்காரம். ஆனால் போன் மைக் இவற்றுக்காகச் செய்யப்பட்டதல்ல. மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலான போன்களில் இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாடும் பின்னணியில் ஓடும். மாறாமல் தொடர்ந்து வரும் எதையும் இரைச்சல் என்று முடிவுசெய்து அது அழித்துவிடும். பம்ப்செட், மழை, தவளை எல்லாமே அப்படித் தொடர்ந்து வருபவைதான். பதிவைக் கேட்டால் முதல் சில நொடிகள் நன்றாக இருக்கும், பிறகு சத்தம் மெல்ல மங்கிப்போகும்.

உங்கள் போன் இதைச் செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அமைதியான அறையில் பதிவைத் தொடங்கி ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு பத்து நொடி சும்மா இருங்கள். கேட்கும்போது கைதட்டலுக்குப் பின் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் படிப்படியாக மேலேறி வந்தால் தானியங்கிக் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு 7 முதல், மைக்கின் சத்தத்தை எந்தத் திருத்தமும் செய்யாமல் கேட்டு வாங்கும் வழி ஆப்களுக்கு இருக்கிறது. போனும் அதற்கு இடம் தர வேண்டும், ஆப்பும் கேட்க வேண்டும். மைக் மூலத்தை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள ஒரு ரெக்கார்டர் ஆப்பில் ஒவ்வொன்றாக மாற்றி இதே கைதட்டல் சோதனையைச் செய்தால் எது சுத்தம் என்று தெரிந்துவிடும். பதிவு வேவ் கோப்பாக, 48,000 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். எம்பி3 வேண்டாம். பின்னால் சத்தத்தை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கும்போது எம்பி3 தூக்கியெறிந்த பகுதிகள் ஓட்டையாகக் கேட்கும்.

நாதஸ்வரமும் தவிலும் வேறு பிரச்சினை. இவை போன் மைக்குக்கு மீறிய சத்தம். பக்கத்தில் வைத்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு ‘கிரக் கிரக்’ என்று வரும்; அதை எந்த ஆப்பாலும் பிறகு சரிசெய்ய முடியாது. தவிலுக்கு நாலைந்து மீட்டர் தள்ளி, வலந்தலைக்கு (வலது முகத்துக்கு) நேராக இல்லாமல் பக்கவாட்டில் வையுங்கள். கூடு மாட்டிய விரல் விழும் சத்தம் கூர்மையானது, கழியால் அடிக்கும் தொப்பியின் (இடது முகத்தின்) சத்தம் கனமானது. இரண்டும் சமமாக விழும் இடத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு அணைசின் (முன்னால் விரியும் கூம்பின்) வாய்க்கு நேரே ஒருபோதும் வைக்காதீர்கள்.

குத்துவிளக்கைப் பதிவுசெய்யும்போது எண்ணெயை வடித்துத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் நின்றால் ரீங்காரம் சீக்கிரம் அடங்கிவிடும். பென்சிலின் ரப்பர் முனையால் தட்டின் விளிம்பில் தட்டுங்கள். ஸ்பூனால் தட்டினால் உலோக மோதல் சத்தம்தான் முன்னால் வரும், விளக்கின் குரல் பின்னால் போய்விடும். வயல்வெளியில் காற்று அடித்தால் மைக் துளை மேல் ஒரு மடிப்பு மெல்லிய பருத்தித் துணி போதும். போனைக் கையில் பிடிக்காமல் காய்ந்த துண்டின் மேல் வையுங்கள், விரல் உரசும் சத்தம் பதிவில் பெரிதாகக் கேட்கும். விமான மோடில் போடுவது கட்டாயம். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும்.

கோலா சாம்ப்ளர்

மாரெக் பெரெசா உருவாக்கியது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடுகிறது. ஒரு முறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. திரையில் 16 பேடு (தட்டும் கட்டம்), அப்படி நான்கு அடுக்கு, மொத்தம் 64 சத்தம். பேடை அழுத்திப் பிடித்தால் மைக்கிலிருந்து பதிவாகும், விட்டால் நின்றுவிடும். பத்து நிமிஷத்தில் யாருக்கும் பிடிபட்டுவிடும்.

இதன் உண்மையான பலம் ரீசாம்பிள். பதிவின் மூலத்தை மைக்கிலிருந்து ரீசாம்பிளுக்கு மாற்றினால் ஆப்பிலிருந்து வெளியே வரும் சத்தமே இன்னொரு பேடில் பதிவாகும். விளக்குச் சத்தத்தை எடுத்து 12 செமிடோன் (கீபோர்டில் 12 கட்டை, அதாவது ஒரு ஸ்தாயி) கீழே இறக்குங்கள். வேகம் பாதியாகும், நீளம் இரட்டிக்கும். பெர்ஃபார்ம் பக்கத்தில் உள்ள 16 எஃபெக்டில் ரிவெர்ப் என்ற எதிரொலியைப் போட்டபடி அதை ஒரு புதுப் பேடில் ரீசாம்பிள் செய்யுங்கள். அந்தப் பேடை ரிவர்ஸில் போட்டு இன்னும் 12 செமிடோன் இறக்கி மறுபடி ரீசாம்பிள். அரை நொடி ‘டிங்’ இப்போது நாலு மடங்கு நீண்டு, ரிவெர்ப் வாலோடு பல நொடி பரவும் ஒரு பரப்பாகிவிடும். மூன்றாவது சுற்றில் நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் மேல்ஸ்தாயி எல்லாம் காணாமல் போய், எந்தச் சத்தத்திலிருந்து தொடங்கினாலும் ஒரே மந்தமான ஹூங்காரமாக முடியும். ஒவ்வொரு சுற்றிலும் சத்த அளவைக் கொஞ்சம் குறைத்துப் பதியுங்கள். எஃபெக்ட் சேரும்போது அளவு கூடி உச்சி வெட்டுப்படும், அடுத்தடுத்த சுற்றில் அந்த வெட்டு பெரிதாகிக்கொண்டே போகும்.

சாமுராய் என்று தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு ஒன்று உண்டு. வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றும் வசதி, பியானோ ரோல், சத்தத்தைத் தானாகத் துண்டு போடும் வசதி எல்லாம் அதில் வருகின்றன. தறிச் சத்தத்தையோ தவில் தனி ஆவர்த்தனத்தையோ வெட்டப்போகிறீர்கள் என்றால் அந்தத் துண்டு போடும் வசதிக்காகவே வாங்கலாம். தவிலில் ஒரு எச்சரிக்கை: அடுத்தடுத்து விழும் வேகமான சொற்களை, அதாவது தவில் அடிகளை, தானியங்கி வெட்டு ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளும். முதலில் மெதுவான காலத்தில் சொற்களைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து அதை வெட்டுவதே சரி. மிக்சர் தொகுப்பு இப்போதைக்குத் தேவையில்லை.

குறை எங்கே என்றால் தாளத்தில். கோலாவின் சீக்வென்சர் (சத்தங்களை வரிசையாக அடுக்கும் பகுதி) பீட் போட்டுப் பழகியவர்களுக்கானது. அடியைக் கட்டத்தோடு தானாக ஒட்டவைக்கும் குவாண்டைசை அணைத்துவிட்டுக் கையால் வாசித்தால் எந்த நடையும் வாசிக்கலாம்தான், ஆனால் ஏழையும் ஐந்தையும் அடுக்கி வைத்துக் கணக்குப் பார்க்கும் இடம் அதுவல்ல. கீபோர்டு மோடிலும் செமிடோன் படிகள்தான். எனவே கோலாவில் சத்தத்தைப் பிடித்துச் செதுக்கி, வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, சன்வாக்ஸுக்குக் கொண்டுபோவதே என் பரிந்துரை.

சன்வாக்ஸ்

2008இல் அலெக்சாண்டர் சோலோடோவ் வெளியிட்ட ஆப். கம்ப்யூட்டரில் இலவசம், போனில் மட்டும் விலை. மிகச் சாதாரண போனிலும் ஓடும். ஆனால் முதல் பார்வையில் பயமுறுத்தும்: மேலே பெட்டி பெட்டியாக மாட்யூல்கள் (சத்தத்தை உண்டாக்கும், மாற்றும் பகுதிகள்), கீழே எண்கள் நிறைந்த பட்டியல். முதலில் பிரிஃபரன்ஸில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போய் அளவைப் பெரிதாக்குங்கள். இதைச் செய்யாமலே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நீக்கிவிடுகிறவர்கள் அதிகம்.

நோட்டுகள் மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடும். புதிதாக ஒரு பேட்டர்ன் தொடங்கினால் 32 வரி. ஒரு பீட்டுக்கு நாலு வரி என்பது இயல்பு வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை), அட்சரத்துக்கு நாலு மாத்திரை (அதன் உட்பிரிவு) என்ற சதுஸ்ர நடையில் ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, அப்படியே அந்த 32 வரியில் உட்கார்ந்துவிடுகிறது. வரி எண்ணிக்கையை நம் விருப்பப்படி மாற்றலாம். ஆதி தாளமே அட்சரத்துக்கு மூன்று மாத்திரை வரும் திஸ்ர நடையில் வேண்டுமா? 24 வரி. கண்டம் 40, மிஸ்ரம் 56, சங்கீர்ணம் 72.

வரி எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் தாளத்தின் வேகமே மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. அட்சரத்தின் வேகம் அப்படியே இருந்து நடை மட்டும் மாற வேண்டும் என்றால் பி.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) எண்ணையும் மாற்ற வேண்டும். ஒரு வரிக்கு 6 டிக் (சிறு காலத் துணுக்கு) என்ற இயல்பு நிலையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வேண்டிய வேகத்தை நடையின் எண்ணால் (3, 4, 5, 7, 9) பெருக்கி நாலால் வகுங்கள். நிமிஷத்துக்கு 60 அட்சரம் என்றால் சதுஸ்ரத்துக்கு 60, திஸ்ரத்துக்கு 45, கண்டத்துக்கு 75, மிஸ்ரத்துக்கு 105, சங்கீர்ணத்துக்கு 135. பாட்டின் நடுவில் நடை மாற்றுவதற்கும் ஒரு எஃபெக்ட் கட்டளை உண்டு. அங்கே எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் எழுத வேண்டும். 105 என்பதற்கு 69 என்று போட வேண்டும். 105 என்றே எழுதிவிட்டால் அது 261 ஆகி, பாட்டு தலைதெறிக்க ஓடும்.

மிஸ்ர சாப்புக்கு 7 வரியில் ஒரு பேட்டர்ன் போதும். வரிகள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் தட்டு விழும் இடங்கள் 0, 3, 5. கண்ட சாப்புக்கு 5 வரி, தட்டுகள் 0, 2, 3. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக டைம்லைனில் வைத்து, ஏழு வரிப் பேட்டர்னை ஐந்து முறையும் ஐந்து வரிப் பேட்டர்னை ஏழு முறையும் குளோன் செய்தால் 35ஆவது வரி முடிந்ததும் சரியாகச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், சேரும். குளோன் என்பது நகல் அல்ல. ஒன்றில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். ஏழில் தறிச் சத்தம், ஐந்தில் விளக்கு. இதை மட்டும் செய்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தீர்மானம், அதாவது மூன்று முறை வந்து சமத்தில் முடியும் சொற்கட்டு, வைக்கவும் இந்த வரிக் கணக்கு வசதி. ஐந்து மாத்திரைச் சொல் மூன்று முறை, நடுவே இரண்டிரண்டு மாத்திரைக் கார்வை (இடைவெளி) என்றால் 5+2+5+2+5, மொத்தம் 19. முப்பத்திரண்டில் 19 போனால் 13. பதின்மூன்றாம் எண் வரியில் தொடங்கினால் 31ஆம் வரியோடு முடிந்து அடுத்த சுற்றின் பூஜ்யத்தில் சமம் விழும். தவில், மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே விரல் நுனியில் இருக்கும். வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளையும்விட அவர்களுக்குச் சன்வாக்ஸ் சீக்கிரம் பிடிபடும் என்று உறுதியாகச் சொல்வேன். அங்கிருந்துதான் பரிசோதனை தொடங்குகிறது. கட்டளை 20 ஒரு நோட்டு விழலாமா வேண்டாமா என்பதைத் தற்செயலுக்கு விடும். தீர்மானத்தின் சொற்களை உறுதியாக வைத்துவிட்டுக் கார்வை இடங்களில் மட்டும் தவளைத் துண்டுகளை இந்தக் கட்டளையோடு போட்டால் ஒவ்வொரு சுற்றும் வேறாக வரும், சமம் மட்டும் தவறாது.

சுருதி விஷயத்தில் கட்டளை 03 முக்கியம். ஒரு நோட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த நோட்டோடு 03 கொடுத்தால் சத்தம் புதிதாக அடிக்கப்படாது, பழைய ஸ்வரத்திலிருந்து புதிய ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும். வழுக்கும் வேகத்தை எண்ணால் குறிக்கலாம். கமகம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஜாரு எனும் வழுக்கலுக்கு ஓரளவு பக்கத்தில் வரும். 04 கொடுத்தால் அதிர்வு, ஆனால் அது ஒரே சீராக இருப்பதால் காதுக்கு இயந்திரத்தனமாகப் படும். அசைவு உயிரோடு வேண்டும் என்றால் வரிக்கு வரி 03இன் எண்ணை மாற்றி எழுதுவதைத் தவிர வழியில்லை. பொறுமை வேண்டும்.

மாட்யூல் பக்கத்தில் ஒரே ஒரு இணைப்பை விளக்குகிறேன், ஏனென்றால் இதில் இந்த ஆப்பின் குணம் முழுக்கத் தெரிகிறது. பதிவை வாசிக்கும் சாம்ப்ளர் மாட்யூல் இரண்டு வையுங்கள். ஒன்றில் தவில், ஒன்றில் தவளைக் கூட்டத்தின் நீண்ட பதிவு, அது லூப்பில் ஓடட்டும். தவளைச் சாம்ப்ளரை ஒரு பில்டர் (அதிர்வெண் வடிகட்டி) வழியாக அவுட்புட்டுக்கு இணையுங்கள். தவில் சாம்ப்ளரை நேராக அவுட்புட்டுக்கும், கூடவே சவுண்ட்2கண்ட்ரோல் (Sound2Ctl) என்ற மாட்யூலுக்கும் இணையுங்கள். அந்த மாட்யூலிலிருந்து பில்டருக்கு ஒரு இணைப்பு, அதில் அவுட் கண்ட்ரோலர் எண் 2. பில்டரில் 1 என்பது சத்த அளவு, 2 என்பதுதான் அதிர்வெண். இப்போது தவில் விழும்போதெல்லாம் தவளைச் சத்தம் திறந்து பிரகாசமாகும், தவில் அடங்கினால் மூடிக்கொள்ளும். வேலை செய்யவில்லை என்றால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. கண்ட்ரோலர் எண் தவறு, அல்லது தவில் பதிவின் அளவு போதாது, அல்லது ஸ்மூத் எண் மிக அதிகமாக இருந்து அசைவே தெரியாமல் போகிறது. தவிலே கேட்கவில்லை என்றால் நேர் இணைப்பை விட்டுவிட்டீர்கள். சவுண்ட்2கண்ட்ரோல் கட்டளையை மட்டும் அனுப்பும், சத்தத்தைக் கடத்தாது.

பம்ப்செட்டை வைத்து ஒரு சுருதி செய்வோருக்கு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே மோட்டார் ரீங்காரத்தில் 50, 100 ஆகிய அதிர்வெண்கள் முன்னால் நிற்கும். கீபோர்டு ஸ்வரங்களில் 100க்கு மிக அருகில் இருப்பது ஐந்து கட்டையான ‘ஜி’, 98 ஹெர்ட்ஸ். மோட்டார் அதைவிட சுமார் 35 சென்ட் மேலே நிற்கும். செமிடோனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காது உடனே கண்டுபிடிக்கும். மோட்டாரை ட்யூன் செய்ய முயலாதீர்கள். மற்ற சாம்பிள்களை ஃபைன்ட்யூன் வழியாக மோட்டார் பக்கம் ஏற்றுங்கள். மோட்டாரைக் கீழே இழுத்தால் சுமை ஏறும்போது வரும் அந்தச் சிறு தளர்வெல்லாம் குழம்பிவிடும்.

விர்ச்சுவல் ஏ.என்.எஸ்.

இதுவும் சோலோடோவ் செய்ததுதான். சோவியத் பொறியாளர் எவ்கெனி முர்சின் 1937 முதல் 1957 வரை உழைத்து உருவாக்கிய ஏ.என்.எஸ். என்ற ஒளிவழி சிந்தசைசரின் மென்பொருள் வடிவம். அந்தப் பழைய இயந்திரத்தில் கண்ணாடித் தட்டில் வரைந்த கோடுகளை ஒளி படித்து 720 தூய ஸ்வரங்களாக ஒலிக்கும். ஒரு ஸ்தாயிக்கு 72. நம் 72 மேளகர்த்தா ராகங்களுக்கும் இதற்கும் உறவில்லை, எண் ஒத்துப்போனது தற்செயல்.

ஆப்பில் படத்தின் அகலம் நேரம், உயரம் சுருதி, வெளிச்சம் சத்த அளவு. கறுப்பு என்றால் மௌனம். வெள்ளைக் கோலம் இதற்கென்றே போட்டதாகத் தோன்றும். சாணம் தெளித்த ஈரத் தரையில் போட்ட சிக்குக் கோலத்தை நேர் மேலிருந்து படமெடுங்கள். போனின் பட எடிட்டரில் கறுப்பு வெள்ளையாக்கி, தரை முழுக் கறுப்பாகும்வரை கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள். இந்தப் படியை விட்டால் தரையின் சாம்பல் நிறம் முழுவதும் இரைச்சலாக ஒலித்துக் கோலத்தை மூழ்கடிக்கும். படுக்கைக் கோடு நீண்ட ஸ்வரம், வளைவு ஏறி இறங்கும் வழுக்கல், புள்ளி ஒரு சிறு துளிச் சத்தம். நேர் செங்குத்துக் கோடு மட்டும் எல்லா ஸ்வரமும் ஒரே கணத்தில் விழும் அடியாக வரும். செங்குத்துக் கோடுகள் நிறைந்த கோலத்தை 45 பாகை திருப்பி ஏற்றினால் நன்றாக இருக்கும். கிடைத்த சத்தத்தை வேவ் கோப்பாக எடுத்துக் கோலாவில் போடுங்கள். தனியாக இந்த ஆப்பில் முழுப் படைப்பு செய்யலாமா? செய்யலாம், ஆனால் தாளத்துக்கு இதில் பிடிமானம் இல்லை.

மற்றவை

பேண்ட்லேப் இலவசம், நண்பர்களோடு பாட்டு செய்ய நல்லது. கணக்கும் நெட்டும் வேண்டும் என்பதால் வரப்பு வேலைக்கு ஆகாது. எஃப்.எல். ஸ்டுடியோ மொபைல் ஒழுங்கான பாட்டுக்கான ஒழுங்கான கருவி. இந்தக் கட்டுரையின் தேவை அது அல்ல. காஸ்டிக் 3 ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டின் பெருமை. பல வருஷமாக அதன் வளர்ச்சி நின்றுவிட்டது, புதுப் போனில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஐபேட் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். டிராம்போவில் ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம் வைக்கலாம், ஐந்தும் ஏழும் தானாகவே சுழலும். குளோன் வேலை மிச்சம். ஆம் (AUM) என்ற மிக்சர் ஆப் பல ஆப்களை ஒன்றாக இணைத்துத் தரும். 2012இல் வந்த பார்டர்லாண்ட்ஸ், சத்தத்தைத் துகளாக்கி விரலால் அதன்மேல் உலவ விடும். தவளைப் பதிவை அதில் போட்டால் சன்வாக்ஸில் அரை நாள் எடுக்கும் வேலை ஐந்து நிமிஷத்தில் முடியும், அதை மறுக்க மாட்டேன்.

காதும் மைக்செட்டும்

ப்ளூடூத் இயர்போனில் இந்த ஆப்களை வாசிக்க முடியாது. விரல் பட்டு 0.2 நொடி கழித்துச் சத்தம் வந்தால் தாளம் எப்படி நிற்கும்? ஒயர் இயர்போன் வாங்குங்கள். போனில் துளை இல்லை என்றால் டைப்-சி மாற்றி. பேடில் நேரடியாக வாசிக்கும்போது ஆடியோ பஃபரை (சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) 256இல் வையுங்கள், பஃபரால் வரும் தாமதம் 5 மில்லிநொடி அளவில் நிற்கும். சன்வாக்ஸில் எழுதும்போது 2048 வரை ஏற்றலாம், அதனால் குறையொன்றும் இல்லை. சித்திரை வெயிலில் போன் சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சத்தம் பொரியத் தொடங்கும். அப்போதும் பஃபரை ஏற்றுவதுதான் மருந்து, கவரைக் கழற்றுவது அடுத்தது.

மைக்செட்டில் இணைக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று. போனிலிருந்து வரும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஒயரை மிக்சரின் ஒரே பெரிய துளையில் மாட்டினால், அந்தத் துளை பேலன்ஸ்டு வகையாக இருக்கும்பட்சத்தில் இடது சத்தத்திலிருந்து வலது சத்தத்தை அது கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் தவில், சுருதி எல்லாம் மறைந்து, எதிரொலி மட்டும் பேயாகக் கேட்கும். ஆப்பில் கோளாறு என்று நினைத்துக் கடைசி நிமிஷத்தில் எல்லாவற்றையும் மாற்றத் தொடங்குவார்கள். தேவை ஒரு ஒய் கேபிள்: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறு முனையில் இரண்டு மோனோ பின், இரண்டு சேனலில். மைக்செட்காரரிடம் ‘ரெண்டு லைன் வேணும்ண்ணே’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே வாசியுங்கள், மலிவான சார்ஜர் இணைந்திருந்தால் ‘உய்ங்’ என்ற சத்தம் ஸ்பீக்கரில் ஏறும். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றும் வராது. பம்ப்செட் சுருதியை அதில் கேட்க வைக்க வேண்டும் என்றால் சன்வாக்ஸில் டிஸ்டார்ஷன் மாட்யூலைக் கொஞ்சம் சேருங்கள். மேல் அதிர்வுகள் முளைக்கும், காது அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

வாங்கும் வரிசை: முதலில் கோலா, ஒரு மாதம் சத்தம் சேகரியுங்கள். அதற்குள் கம்ப்யூட்டரில் இலவச சன்வாக்ஸை இறக்கிப் பழகிப் பாருங்கள், பிடித்தால் போனுக்கு வாங்குங்கள். சாம்பிள்கள் உட்பட முழுப் பாட்டும் ஒரே சன்வாக்ஸ் கோப்புக்குள் அடங்குவதால் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். கோலாவிலிருந்து வேவ் கோப்புகளைக் கொண்டுவர சன்வாக்ஸின் இம்போர்ட் மெனுவைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் ஓர் ஆப்பின் சொந்தக் கோப்புறைக்குள் இன்னோர் ஆப் நுழைய முடியாது. ஆப்பை நீக்கினால் அந்தக் கோப்புறையும் உள்ளே இருக்கும் பாட்டுகளும் சேர்ந்தே போகும். இடம் போதவில்லை என்று எதையாவது நீக்குவதற்கு முன் எக்ஸ்போர்ட் கொடுத்து மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.